பூசி மறைத்த தண்ணீர்க் கோடு

டத்தோ கிராமாட், பினாங்கு
19 அக்டோபர் 2024, சனிக்கிழமை மாலை

அன்புள்ள லோகாவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். நீயும் அந்த ஹாலந்துக் குளிரைப் பொறுத்துக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும்.

ஆறு மாத ஆய்வுப் பயிற்சிக்குக் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் நீ என் கையில் திணித்துவிட்டுப் போன எழுதுதாள் கட்டிலிருந்து இன்றைக்குத்தான் முதல் தாளைக் கிழித்திருக்கிறேன். "போன்ல எதைக் கேட்டாலும் 'ஓகேலா'ன்னு சொல்லி முடிச்சிடுறீங்க, எழுதினாதான் உங்களுக்கு உண்மை வரும்" என்று சொன்னாய். இரண்டு மாதமாக ஒரு வரிகூட வரவில்லை, சோம்பேறி என்று திட்டினாய். சோம்பல் இல்லை லோகா. உண்மை வந்துவிடுமோ என்ற பயம். எழுதி முடித்ததும் படம் எடுத்து அனுப்பிவிடுவேன். தாள் பின்னால் தபாலில் வந்து சேரும்.

முதலில் உன் அம்மாவின் செய்தி, நீ அதைத்தான் தேடுவாய். அத்தைக்கு வயிற்று டயாலிசிஸ் ஒழுங்காக நடக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு முறை மருந்து நீர்ப் பை மாற்ற வேண்டும் அல்லவா, மதியப் பையைத் தவிர மற்ற மூன்றும் என் பொறுப்பு. நான் பிறைத் தொழிற்சாலையில் வேலைக்கு நிற்கும் நாட்களில் மதியத்துக்குப் பக்கத்து வீட்டு நூர்ஜான் அக்கா வந்துவிடுகிறார். தாதி எங்கள் இருவரையும் பாராட்டினார். அத்தைக்கு மட்டும் இன்னும் என்மேல் நம்பிக்கை வரவில்லை. "கை கழுவினீங்களா தம்பி?" என்று மூன்று முறை கேட்கிறார். இன்னும் தேய்த்தால் கைரேகை அழிந்து ஐ.சி. அடையாள அட்டை எடுக்க முடியாமல் போய்விடும் அத்தை என்றேன். சிரிக்கவே இல்லை. "அப்பவும் கழுவுங்க" என்றார்.

நூர்ஜான் அக்காவின் வீட்டுக்காரர் ஜபருல்லா அண்ணன், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக் கடையிலிருந்து மீன் தலைக் கறி கொண்டுவந்தார். உப்பு கம்மிலா, கம்மிலா என்று சத்தியம் செய்தார். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அத்தை இரண்டு கரண்டி சாப்பிட்டு முடித்துவிட்டார். மறுநாள் கால் வீங்கிவிட்டது. இப்போது இந்த வீட்டுக்குள் கறி வரத் தடை போட்டிருக்கிறேன். உன் அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, வீடு நிம்மதியாக இருந்தது.

இனி நான் எழுதப் பயந்த விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் நம் லோரோங் சந்து முனையில் உங்கள் ஆபீஸின் கடலோர ஆய்வு வரைபடத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள். கடல் மட்டம் ஏற ஏற எந்தச் சாலைக்கு எவ்வளவு ஆபத்து என்று ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரித்து, பச்சையிலிருந்து சிவப்பு வரை நிறம் போட்டிருக்கிறீர்கள். நம் பதினான்கு வீடுகளும் பச்சை. இரண்டாம் தரம். சிவப்பு வாங்கிய இடங்களுக்குத்தான் வாய்க்கால் ஆற்றில் சேரும் முனையில் ஒருவழிக் கதவும், தண்ணீரை இறைக்கப் பம்பும் வருமாம். எங்கள் தொழிற்சாலைக் குழாயில் நான் மாட்டும் வால்வு மாதிரிதான், உள்ளிருப்பது வெளியே போகும், வெளியே இருப்பது உள்ளே வராது. பட்டியல் நவம்பர் 15 கூட்டத்தில் முடிவாகும், அதன்பின் ஐந்து வருஷத்துக்கு மாற்றம் இல்லை என்று அடியில் போட்டிருந்தது.

நூர்ஜான் அக்கா அந்தத் தாளின் முன்னால் நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "நம்ம லோகா போட்ட மேப்பு! நம்ம லோரோங் பச்சைலா! போன வருஷம் தண்ணி வந்தது சும்மா வந்தது, இனிமே வராது, லோகாவே சொல்லிட்டா" என்றார். என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆமாம் லோகா. தண்ணீர் வருகிறது. உன் அம்மா வீட்டுக்குள் ஐந்து வருஷமாக வருகிறது.

இன்றைக்கு மதியம் பெரிய பாசாங், கடல் ஓதம். பௌர்ணமி முடிந்து இரண்டாம் நாள், கடல் ஏறிற்று. ஆறு வாய்க்காலைத் திருப்பித் தள்ளிற்று. அடுப்படி மூலையில் தண்ணீர் போகும் ஓட்டை வழியாகவே அது மேலே வந்தது. சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை, அப்போது நானே அத்தைக்கு மதியப் பை மாற்றிக்கொண்டிருந்தேன். பழைய நீர் வடியும் பை தரையில் இருக்க வேண்டும், அத்தை கட்டிலில் இருக்க வேண்டும். கதவின் அடியால் தண்ணீர் நுழைந்ததைப் பார்த்ததும் பையைக் கையில் தூக்கிக்கொண்டேன். உயரத் தூக்கினால் வடியாது, இறக்கினால் சாக்கடைத் தண்ணீரில் முங்கும். முழங்காலுக்குக் கீழே ஒரு குழந்தையைப் பிடிப்பது மாதிரி குனிந்து பிடித்தபடி இருபது நிமிடம் நின்றேன். அத்தை காலை மடக்கிக் கட்டில்மேல் உட்கார்ந்து முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த நேரம் பார்த்து நீ கூப்பிட்டாய். அத்தை ஸ்பீக்கரில் போட்டார். என்ன தண்ணீர் சத்தம் என்று கேட்டாய். தட்டுக் கழுவுகிறேன் என்றேன். எல்லாம் எப்படி இருக்கு என்றாய். ஓகேலா என்றேன். கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றுகொண்டு சொன்னேன். போனை வைத்ததும் உன் அம்மா அழுதார். நானும்தான்.

மருந்து நீர்ப் பெட்டிகளில் அடிவரிசைப் பதினொன்றும் நனைந்துவிட்டன. தொழிற்சாலையிலிருந்து பலகை கொண்டுவந்து அடியில் போட்டிருந்தேன், தண்ணீர் பலகைக்கும் மேலே வந்துவிட்டது. பைக்குள் கிருமி போனால் வயிற்றில் சீழ் பிடிக்கும் என்று தாதி சொல்லியிருக்கிறார்.

முன்பெல்லாம் இவ்வளவு வராது. 2019-இல் தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் அத்தை எனக்குப் போன் செய்து, லோகாவுக்குத் தெரியாமல் வாங்க தம்பி என்றார். பட்டர்வொர்த்திலிருந்து ஓடி வந்து பார்த்தால் அடுப்படியில் நான்கு விரல் தண்ணீர். ஒரு மணி நேரத்தில் வடிந்துவிட்டது. துடைத்துக் கொடுத்தேன். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். சொன்னால் நீ அத்தையை நம் எட்டாம் மாடிப் பிளாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவாய், இந்த லோரோங்கை விட்டுப் போக அத்தைக்கு மனமில்லை. அதோடு உனக்கு அந்த வருஷம்தான் முனைவர் படிப்பு தொடங்கிற்று. அம்மாவுக்காகப் படிப்பை விட்டுவிடுவாள் என்று பயந்தார். அதிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் சுவருக்குச் சாயம் பூசும்போது, போன வருஷத் தண்ணீர்க் கோடும் அதன் அடியில் போய்விடும். மாமியாரும் மருமகனும் சேர்ந்து செய்த வேலை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இந்த ஜூன் மாதம் உங்கள் ஆய்வுக் குழு வீடு வீடாக வருகிறது என்று தெரிந்தது. நம்ம லோகாவின் ஆபீஸ் ஆட்கள் வருகிறார்கள், அவள் பிறந்த வீடு அழுக்காக இருந்தால் அவளுக்குத்தானே வெட்கம் என்று அத்தை புலம்பினார். நான் வெள்ளைச் சாயம் வாங்கி வந்து கீழ்ச்சுவரை முழுக்கப் பூசினேன். அதைப் பார்த்து நூர்ஜான் அக்கா பூசினார், அவரைப் பார்த்து மற்றவர்கள் பூசினார்கள். மிச்சச் சாயத்தை நானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தண்ணீர் வருமா என்று கேட்டபோது பதினான்கு வீடும் விருந்தாளிக்குச் சொல்வது மாதிரி, அப்படியெல்லாம் ஒன்னும் இல்லலா, உக்காருங்க, தண்ணி குடிங்க என்று சொல்லியிருக்கிறது. அவர்கள் வந்தது சுவரில் கோடு தேடத்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை, அதுதான் பெரிய தப்பு.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் 15-ஆம் தேதிக்குள் இந்த லோரோங்கின் தரம் மாற வேண்டும். நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

இப்படிக்கு,
உன் மன்னிப்புக்காகக் காத்திருக்கும்
புவன்

•

டெல்ஃப்ட், நெதர்லாந்து
21 அக்டோபர் 2024

என் அன்பான பொய்யருக்கு,

நான்கு பக்கத்தையும் நேற்று டிராமில் நின்றபடி படித்தேன். இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. ஆற்றோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை. அதனால்தான் போனை எடுக்கவில்லை, எடுத்திருந்தால் இந்த ஊருக்கே கேட்டிருக்கும்.

முதலில் அம்மா. நனைந்த பெட்டியில் ஒரு பையைக்கூடத் தொடாதீர்கள், உறை பிரியாமல் இருந்தாலும் சரி. தாதிக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன், புதிதாக அனுப்புவார்கள். வடிந்து வரும் நீர் கலங்கலாக இருந்தாலோ அம்மாவுக்கு வயிறு வலித்தாலோ ஒரு நிமிடம் காத்திருக்காதீர்கள், நேரே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். பெட்டிகளை நூர்ஜான் அக்கா வீட்டுப் பரணில் ஏற்றச் சொல்லுங்கள். இருபது நிமிடம் குனிந்து நின்றீர்களே, இடுப்பு எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்தீர்களா? இதைக் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

இப்போது என் நிலைமையைச் சொல்கிறேன். அந்த வரைபடத்தில் மூன்றாவதாக என் பெயர் இருக்கிறது. சொந்த லோரோங்கை நானே அளக்கக் கூடாது என்பது விதி. அதனால்தான் எங்கள் குழுத் தலைவர் டாக்டர் ஸுல்கிஃப்லி அதைக் குழுவில் இருக்கும் அர்ஜுனனிடம் கொடுத்தார். நான் அந்தப் பக்கமே வரவில்லை, அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. அர்ஜுனன் எழுதிக் கொடுத்த தாளில் "சுவரில் நீர்க்கறை இல்லை, வீட்டார் அனைவரும் இல்லை என்கிறார்கள்" என்று இருந்தது. எங்க அம்மா வீடு எப்பவுமே சுத்தம் என்று சொல்லிச் சிரித்தேன். என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா?

நான் சின்ன வயதில் இருந்தபோது வாய்க்கால் விளிம்புக்கு மேல் தண்ணீர் ஏறியதே இல்லை. அந்த நினைப்பிலேயே இருந்துவிட்டேன். மலாக்கா நீரிணையில் கடல் எத்தனை மில்லிமீட்டர் ஏறியது என்று எவன் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வேன். என் அம்மாவின் அடுப்படியில் எவ்வளவு ஏறியது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் இருவரையும் திட்டுவதற்கு முன்னால் இதற்காக என்னையும் திட்டிக்கொண்டேன்.

இப்போது திடீரென்று "பச்சை தப்பு, சிவப்பாக மாற்றுங்கள்" என்று நான் சொன்னால் கூட்டத்தில் என்ன சொல்வார்கள்? அம்மா வீட்டுக்குப் பம்பு போட்டுக்கொள்ளப் பார்க்கிறாள் என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும், அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆனால் என் புருஷன் சொன்னார் என்பது அளவு ஆகாது. எனக்குக் கோடு வேண்டும். எந்த வருஷம், எத்தனை சென்டிமீட்டர் என்று வேண்டும். கோட்டைச் சாயத்தால் மறைத்தது நீங்கள்தானே? அதை எனக்குத் திருப்பிக் கொடுங்கள். எப்படி என்று எனக்குத் தெரியாது, போங்கள்.

இன்னொன்றும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவழிக் கதவு வந்தாலும் அது கடலை நிறுத்தாது. பத்து, பதினைந்து வருஷம் வாங்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த வீட்டைப் பற்றி நாம் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். இதையும் இனிமேல் ஒருவருக்கொருவர் மறைக்க வேண்டாம்.

படிப்பை விட்டுவிடுவேன் என்று அம்மா பயந்தார்களாம். விட்டிருப்பேன்தான். அதைக் கேட்டபோதுதான் அதிகமாக அழுதேன். இன்னொரு தடவை எனக்கு "ஓகேலா" சொன்னால் பினாங்குக்கு வந்து பல்லை உடைப்பேன்.

கோபத்தோடும், அது போனதும் வரப்போகிற எல்லாவற்றோடும்,
உங்கள் லோகா

•

டத்தோ கிராமாட், பினாங்கு
4 நவம்பர் 2024, திங்கட்கிழமை

என் லோகாவுக்கு,

ஓகே இல்லை. இடுப்பு வலிக்கிறது, வலது தோள்பட்டை தூக்க முடியவில்லை, நகமெல்லாம் ஐந்து நிறத்தில் இருக்கிறது. பல் மட்டும் பத்திரமாக இருக்கிறது. அத்தைக்கு வயிற்று வலி இல்லை, நீர் தெளிவாக வருகிறது, புதுப் பெட்டிகள் வந்துவிட்டன. உன் கோபம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று தெரியாததால் செய்தியை வரிசையாகவே சொல்கிறேன்.

திருப்பிக் கொடு என்று எழுதினாயே, அதை நான்கைந்து முறை படித்தேன். அப்புறம் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு சுரண்டியும் உப்புத் தாளும் எடுத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். ஊரெல்லாம் சுவருக்குச் சாயம் அடிக்கிறான், இந்த மனுஷன் இருக்கிற சாயத்தைச் சுரண்டுறானே என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார். ஈரத் துணியால் நனைத்து, மெல்லத் தேய்த்து, ஒவ்வொரு பூச்சாக எடுத்தேன். முதலில் ஜூன் மாத வெள்ளை. அதன்மேல் இந்த அக்டோபர் 19-இன் அழுக்குக் கோடு பளிச்சென்று இருக்கிறது, தரையிலிருந்து பதினேழு சென்டிமீட்டர். வெள்ளைக்கு அடியில் போன தீபாவளிக்கு அடித்த நீலம். அதில் ஒரு கோடு, பன்னிரண்டு. நான் எழுந்து நின்றுவிட்டேன் லோகா. நான் பூசியது கோட்டை அழிக்கவில்லை. மூடி வைத்திருக்கிறது.

தீபாவளி அமாவாசையில்தானே வருகிறது. நாம் சாயம் அடித்த ஈரம் காய்ந்ததும் அமாவாசைத் தண்ணீர் வந்து புதுச் சுவரில் தன் கோட்டைப் போட்டுவிட்டுப் போகும். அடுத்த வருஷம் அதன்மேல் அடுத்த நிறம். நீலத்துக்கு அடியில் 2022-இன் ரோஜா நிறம், ஒன்பது. அதற்கு அடியில் மஞ்சள், 2021, எட்டு. 2020-இல் கோவிட், சாயமே அடிக்கவில்லை. அதற்கு அடியில் பச்சை, 2019, நான் முதல்முதலில் வந்து துடைத்த வருஷம், ஆறு. எந்த வருஷம் எந்த நிறம் என்பதற்கு அத்தை சாட்சி. அது மட்டும் போதாது என்று நீ சொல்வாய் என்று தெரியும். தீபாவளிப் படங்களில் நீயே அந்தச் சுவர் முன்னால் முறுக்கோடு நிற்கிறாய், வருஷமும் நிறமும் தெளிவாகத் தெரிகின்றன. எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறேன். ரோஜா நிறப் படத்தில் நீ ரொம்ப அழகு, அதை ஆய்வுக்கு அனுப்பாதே.

அன்றைக்கே நூர்ஜான் அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப அந்தப் பச்சை நம்மளாலதானா வந்துச்சு தம்பி?" என்று கேட்டார். ஆமாம் அக்கா என்றேன். ஜபருல்லா அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு என் கையிலிருந்த சுரண்டியை வாங்கிக்கொண்டார். அவர்கள் நோன்புப் பெருநாளுக்குத்தான் சாயம் அடிப்பார்கள். அது வேறு மாதம், அதனால் அவர்கள் சுவரில் கோடுகள் நம் கோடுகளுக்கு இடையே விழுந்திருக்கின்றன. கடைசி வீட்டு ஆ ஹோக் அண்ணன் சீனப் பெருநாளுக்கு அடிப்பவர். மூன்று வீட்டுச் சுவரையும் சேர்த்து வைத்தால் 2020-இன் ஓட்டைகூட அடைந்துவிடுகிறது. தீபாவளி அன்று விருந்துக்கு வந்தவர்கள் எல்லாம் சுரண்டிய சுவரைத்தான் பார்த்தார்கள். உன் அம்மா வெட்கப்படவில்லை, இடியாப்பம் பரிமாறிக்கொண்டே ஒவ்வொரு கோட்டையும் தொட்டுக் காட்டினார். நீ இல்லாத தீபாவளி. உனக்கும் ஓர் இலை போட்டுவிட்டு அப்புறம் எடுத்துவிட்டோம்.

நேற்று அர்ஜுனன் வந்தார், அளவுக் கருவியோடு, உங்கள் குழுவில் சேராத ஓர் ஆய்வாளர் அம்மாவையும் கூட்டிக்கொண்டு. நீ டாக்டர் ஸுல்கிஃப்லியிடம் மறுநாளே விஷயத்தைச் சொல்லிவிட்டாய் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குள் பதினான்கு வீட்டாரும் சுரண்டியிருந்தார்கள். எல்லா வீட்டிலும் கோடுகளை அளந்தார்கள், அந்த அம்மாவும் தனியாக அளந்தார், இருவர் கணக்கும் ஒத்துப்போயிற்று. மதியம் அமாவாசைத் தண்ணீரும் வந்தது, இந்த முறை சிறியது, ஐந்து சென்டிமீட்டர்தான். ஆனாலும் ஓட்டை வழியாக அது மேலே வருவதை அர்ஜுனன் கண்ணால் பார்த்துவிட்டார். கடல் மட்டும் காரணம் இல்லை, வாய்க்கால் தூர்ந்ததும் சாலையைத் திரும்பத் திரும்பத் தார் போட்டு உயர்த்தியதும் சேர்ந்துதான் என்றார். எதுவானாலும் ஐந்தாம் தரத்துக்கு இது போதும் என்று அந்த அம்மா சொன்னார்.

போகும்போது அர்ஜுனன் முகம் சரியில்லை. தேநீர் கொடுத்து உட்கார வைத்துக் கேட்டேன். கூட்டத்துக்குப் போகும் படிவத்தைக் காட்டினார். முதல் ஆய்வு ஏன் தவறிற்று என்று ஓர் இடம் இருக்கிறது. அதில் நீ, சுவர்களுக்குச் சாயம் பூசியிருந்ததால் என்று எழுதியிருக்கிறாய். பூசியது யார் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறாய். "லோகா அக்கா எழுத மாட்டாங்க அண்ணே, எனக்குப் புரியுது" என்றார். ஆனால் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அர்ஜுனன் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் முடிவு செய்வார்கள். அவருக்கு ஒப்பந்த வேலை, டிசம்பரில் புதுப்பிக்க வேண்டும். மனைவி அதிராவுக்கு இது ஏழாம் மாதம். ஒரு வார்த்தை குறை சொல்லாமல் தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

லோகா, அந்தக் கட்டத்தை நீ ஏன் காலியாக விட்டாய் என்று எனக்குத் தெரியும். பல்லை உடைப்பேன் என்று எழுதிய கையே என்னைக் காப்பாற்றவும் பார்க்கிறது. அதை நினைத்து இன்று காலை வேலைக்குப் போகும்போது பாலத்தில் வண்டியை ஓரம் நிறுத்திவிட்டேன். ஆனால் உன்னிடம் மறைத்து மறைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். இப்போது நீ எனக்காக மறைக்கத் தொடங்கினால், அந்தப் பழக்கம் நம் வீட்டை விட்டுப் போகவே போகாது. ஆய்வாளரின் கணவர்தான் கோட்டை மறைத்தார் என்று கூட்டத்தில் படிப்பார்கள். உனக்குத் தலைகுனிவுதான். அதைப் பொறுத்துக்கொள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் கேட்கிறேன். நான் செய்ததற்கு இன்னொருவர் வேலையை இழக்கக் கூடாது.

15-ஆம் தேதி, நீ கூட்டத்தில் திரையில் பேசும் நாள், இங்கே பௌர்ணமி. இந்த மாதமும் பெரிய பாசாங் என்று அர்ஜுனன் சொன்னார். அத்தையிடம் நீ எழுதிய பதினைந்து வருஷக் கணக்கைப் படித்துக் காட்டினேன். "எனக்கு அது தாராளம். உங்க ரெண்டு பேருக்குதான் என்ன செய்யறதுன்னு யோசிங்க" என்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ, அந்தப் பாசாங் வரும் நான்கு நாளும் பட்டர்வொர்த் பிளாட்டுக்கு வர ஒத்துக்கொண்டார். பையில் முதலில் எடுத்து வைத்தது சுவர்ப் படங்களை. எட்டாம் மாடியில் கை கழுவும் தொட்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

இனி இந்தச் சுவருக்குச் சாயம் அடிக்க மாட்டேன், நீ வந்து பார்க்கும் வரை அப்படியே இருக்கும். பிப்ரவரியில் நீ வரும்போது வாசலில் ஒரு கதவு போட்ட வாய்க்காலும், உள்ளே உன் அம்மாவும் நானும் இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல்.

காலியான கட்டத்தில் இப்படி எழுது: பூசியது, புவனேஸ்வரன், ஆய்வாளரின் கணவர்.

என்றும் உன்,
புவன்

லோகா, அம்மா எழுதுறேன். மாப்பிள்ளை தாளை வச்சிட்டுக் குளிக்கப் போயிருக்கார். அவர் பேரை மட்டும் எழுதாதே. பூசச் சொன்னது நான். ஜெயலெட்சுமின்னு என் பேரை முதல்ல போடு. நான் பொய் சொன்னதெல்லாம் உன்னை அனுப்பி வைக்கத்தான். இப்ப நீ உண்மையைச் சொல்லிட்டு வா. நம்ம வீட்டைச் சிவப்பாவே போடும்மா. நல்லா இரு. ஸ்வெட்டர் போட்டுக்கோ.